கல்லூரி காணாத கணித மேதை ஹெவிசைடு

வானொலி அலைகள் வளிமண்டலத்தினூடே செல்லும் வழியைக் கணக்கிடும் பொறியாளர் யாவரும் ஆலிவர் ஹெவிசைடு என்னும் அறிஞருக்குக் கடன்பட்டவராவர். கல்லூரி வாயிலையே மிதித்திராத அப்பெருமகனாரின் வாழ்வை நம் இளைஞர் அறிதல் நன்றெனக் கருதுகிறோம்.

1850 மே 18 அன்று இலண்டனில், மரச்செதுக்குப் படத் தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். குடும்பத்தில் வறுமை; இளமையில் கண்ட செங்காய்ச்சலால் செவிப்புலன் குன்றியது. பள்ளிப்படிப்பு 16 வயதோடு நின்றது. தந்தி இயக்குநராய்ப் பணியாற்றிய நாளில், 1873இல் வெளிவந்த மேக்ஸ்வெல்லின் மின்காந்த நூலைக் கண்டார். அதனை உணரத் தாம் கற்ற கணிதம் போதாதெனத் தெளிந்து, பல ஆண்டுகள் தாமே பயின்றார். மேக்ஸ்வெல் 20 சமன்பாடுகளில் விரித்துரைத்ததை 1880களில் நான்காகச் சுருக்கினார். இன்று கல்லூரிகளில் கற்பிக்கப்படுவது அவ்வடிவமே.

தொலைபேசிக் கம்பியில் பேச்சு சிதையாது செல்லும் வழியை 1887இல் கண்டுரைத்தார். அஞ்சல்துறையின் உயர் பொறியாளர் பிரீஸ் அதனை ஏற்க மறுத்தார். பின்னாளில் அவ்வழியால் பொருளீட்டியோர் பிறர். எனினும் அவர் ஆய்வைக் கைவிட்டாரல்லர். 1891இல் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது.

1901இல் மார்க்கோனியின் அலைகள் அட்லாண்டிக்கைக் கடந்தன. உருண்டையான புவியை அவை சுற்றிச் சென்றது எங்ஙனம்? வானின் மேற்பகுதியில் மின்கடத்தும் அடுக்கொன்று இருக்கக்கூடும் என 1902இல் ஹெவிசைடும், தனித்து ஆராய்ந்த கென்னலியும் கூறினர். 1924இல் ஆப்பிள்டன் சோதனையால் அதனை மெய்ப்பித்தார். 1925 பிப்ரவரி 3 அன்று ஹெவிசைடு மறைந்தார்.

கீழ்வளியிலும் அலைகள் வளைவதுண்டு. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தியும் ஈரமும் பொதுவாகக் குறைவதால், அலை சிறிதே புவியை நோக்கிச் சாய்கிறது. புவியின் ஆரம் 4/3 மடங்கு பெரிதென வைத்து, அலையை நேர்க்கோடாக வரைந்து கணக்கிடுவது பொறியாளர் கையாளும் எளிய முறை. நுட்பமான கணக்குகளுக்கோ அந்நான்கு சமன்பாடுகளே அடிப்படை.

இதனால் பள்ளியை விடுத்தல் பெருமையென எவரும் கொள்ளற்க. அவருக்கு வறுமை அடைத்த வாயிலை நமக்குத் திறந்துவைக்கவே இத்தகைய கல்விக் கழகங்கள் தோன்றின. பட்டம் பெறுவோம், பட்டத்திற்குப் பின்னும் அவரைப்போல் பயில்வோம். பட்டமில்லாதவர் உரைக்கும் உண்மைக்கும் செவிசாய்ப்போம்.