சந்திரபாபுவை வெறும் 'காமெடியன்' என்றால் தோட்டத்துப் பெரியவர்கள் ஏன் கோபப்படுகிறார்கள்?

சிரம்பானில் ஒரு கல்யாண விருந்து. சாப்பாடு முடிந்து கராவோக்கே மைக் மேசை மேசையாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. 70 வயதைத் தாண்டிய ஒரு தாத்தா எழுந்து போய் மைக்கை வாங்குகிறார். எல்லாரும் டி.எம்.எஸ் பாட்டுதான் வரும் என்று நினைக்கிறோம். ஆனால் அவர் தொண்டையிலிருந்து வந்தது வேறு. குரல் திடீரென்று உடைந்து மேலே தாவி, திரும்பவும் கீழே வந்து, மறுபடி தாவியது. பக்கத்து மேசையில் இருந்த பையன் போனை எடுத்து ரெக்கார்டு பண்ண ஆரம்பித்துவிட்டான்.

அந்தப் பாட்டு ஜே.பி.சந்திரபாபுவுடையது. அவர் இறந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. உங்களில் பலருக்கு அவரை ஒரு பழைய காமெடி நடிகராகத்தான் தெரிந்திருக்கும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த தலைமுறையிடம் கேட்டுப் பாருங்கள், முதலில் பாட்டைத்தான் சொல்வார்கள்.

தூத்துக்குடி, கொழும்பு, சென்னை

1927 ஆகஸ்டில் தூத்துக்குடியில் ஒரு கத்தோலிக்க மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ஜோசப் பிச்சை. அப்பா சுதந்திரப் போராட்டத்தில் இறங்கியவர். வெள்ளைக்கார அரசாங்கத்தோடு மோதியதில் குடும்பம் ஊரில் இருக்க முடியாமல் கொழும்புக்குப் போனது. பையன் படித்ததும் வளர்ந்ததும் அங்கேதான்.

அந்தக் காலத்துக் கொழும்பு ஒரு துறைமுக நகரம். மேற்கத்திய இசைத்தட்டு, பேண்டு, பால்ரூம் டான்ஸ் எல்லாம் கப்பலோடு வந்து இறங்கின. பின்னாளில் சந்திரபாபு திரையில் ஆடிய ஆட்டத்துக்கும் பாடிய பாட்டுக்கும் விதை அங்கேதான் விழுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். சென்னையில் மட்டுமே வளர்ந்த ஒருவருக்கு அந்த நடை வந்திருக்காது.

1943-இல் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. அதே வருஷம் நம் பக்கத்தில் ஜப்பான்காரன் ஆட்சி. தோட்டத்து ஆண்களைச் சயாம் மரண ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். பின்னாளில் இவருடைய பாட்டைக் கேட்டவர்களின் வீடுகளில் அப்படிப் போய்த் திரும்பாத ஒருவராவது இருந்தார். அந்தப் பாட்டுகளைக் கேட்கும்போது நான் இதையும் சேர்த்தே நினைத்துக்கொள்வேன்.

வாய்ப்புக்காக ஒரு விபரீதம்

1947-இல் 'தன அமராவதி' படத்தில் தலைகாட்டினார். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் பெரிதாக எதுவும் அமையவில்லை. ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அலைந்தார். 1952-இல், ஜெமினி அதிபர் எஸ்.எஸ்.வாசனைச் சந்திக்கவே முடியாத விரக்தியில், ஸ்டூடியோவுக்குள்ளேயே தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றிவிட்டார்கள். அப்போது அது சட்டப்படி குற்றம் என்பதால் வழக்கும் வந்தது. அதிலிருந்தும் மீண்டார். அதே வருஷம் ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

இந்தச் சம்பவத்தை ஒரு சாகசக் கதை மாதிரி சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்லப் பிடிக்கவில்லை. அன்று கொஞ்சம் தாமதமாகியிருந்தால் அந்தக் குரல் நமக்குக் கிடைத்தே இருக்காது.

அந்தக் குரலில் என்ன விசேஷம்?

யோட்லிங் என்று ஒன்று இருக்கிறது. நெஞ்சிலிருந்து வரும் கனத்த குரலையும் தலையிலிருந்து வரும் மெல்லிய குரலையும் சட்டென்று மாற்றி மாற்றிப் பாடுவது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பக்கத்தில் மேய்ப்பர்கள் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடப் பயன்படுத்தியது. 1920-களின் கடைசியில் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் அதை இசைத்தட்டில் பாடி உலகமெங்கும் கொண்டுபோனார். இந்தியில் கிஷோர் குமார் அதைத் தன் அடையாளமாக்கினார். தமிழ் சினிமாவில் அந்தப் பெயர் சந்திரபாபுவுக்கு.

1954-இல் வந்த 'பெண்' படத்தில் எஸ்.பாலசந்தருக்காகப் பின்னணி பாடினார். ஆமாம், பின்னாளில் வீணை மேதையாகக் கொண்டாடப்பட்ட அதே பாலசந்தர்தான். 1957-இல் 'புதையல்'. அதில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில் பாடிய காதல் பாட்டு, இன்று ஒரு இண்டி பேண்டு பாடினாலும் புதுசாக இருக்கும். 1959-இல் 'மரகதம்' படத்தில் ஜமுனாராணியோடு ஒரு டூயட். அதே வருஷம் 'சகோதரி' படத்தில், தன்னைத் தானே முட்டாள் என்று சிரித்துக்கொள்ளும் ஒருவனின் பாட்டு. 1960-இல் 'கவலை இல்லாத மனிதன்', 1961-இல் 'குமாரராஜா', 1962-இல் 'அன்னை'.

இவை எல்லாமே சின்னப் பாட்டுகள்தான். மெட்டு சட்டென்று மனசில் ஒட்டும், தாளம் துள்ளும், ஆனால் உள்ளே ஒரு வலி இருக்கும். இங்கிலீஷில் இதைப் பாப் என்போம். சிரித்த முகத்தோடு தோல்வியைப் பாடுகிற கலை அது. தமிழில் அதை அவர் அளவுக்குச் செய்தவர் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை.

லயத்துக்கு எப்படி வந்தது?

என் தாத்தா ரந்தாவ் பக்கத்தில் பால் வெட்டியவர். விடிவதற்கு முன்னே பெரட்டுக்குப் போய், தனக்கு ஒதுக்கிய நிரையில் மரம் மரமாக வெட்டிக்கொண்டு போக வேண்டும். பனியில் பக்கத்து நிரைக்காரர் கண்ணுக்குத் தெரியமாட்டார். பாட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். மலையில் மேய்ப்பன் கூப்பிட்ட மாதிரிதான். சந்திரபாபு பாட்டு அந்த வேலைக்கென்றே செய்த மாதிரி இருந்தது என்பார் தாத்தா. நடுவில் வரும் தாவலை எங்கே நின்று பாடினாலும் எட்டு மரத்துக்கு அப்பால் கேட்குமாம்.

படம் வந்தது திடலுக்கு. வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டர் வைத்து, தோட்டத்து சனம் பாய் போட்டு உட்கார்ந்து பார்த்தது. பாட்டு வந்தது ரேடியோவில். பெரியவர்கள் இன்னும் வானொலி ஆறு என்று சொல்கிறார்களே, இன்றைய மின்னல் எஃப்எம்-மின் பழைய பெயர், அதில். நிறைய பேருக்கு அந்தப் பாட்டு எந்தப் படம் என்றே தெரியாது. யார் நடித்தது, கதை என்ன என்பது தெரியாமலேயே பாட்டு மனப்பாடம். அவர்களுக்கு அவர் பாடகராக இருந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். முகத்துக்கு முன்னாடி குரல் வந்து சேர்ந்துவிட்டது.

ஏறியதும் இறங்கியதும்

1958-இல் 'சபாஷ் மீனா'வில் சிவாஜிக்குச் சமமாக நின்றார், அதுவும் இரட்டை வேடத்தில். அதே வருஷம் எம்ஜிஆரின் 'நாடோடி மன்னன்' படத்திலும் இருந்தார். அவர் இறங்கியதும் அதே வேகத்தில்தான்.

கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' படத்தில் அவர்தான் நாயகன். அந்தப் படம் கண்ணதாசனைக் கடனில் தள்ளியது. படப்பிடிப்புக்கு ஒழுங்காக வராத நாயகன் மேல் அவருக்குக் கடும் வருத்தம். ரசிகன் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. கூட வேலை செய்தவர்களுக்கு சந்திரபாபு சுலபமான மனிதர் இல்லை.

பிறகு அவரே எம்ஜிஆரை வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்று ஒரு படம் தொடங்கினார். அது பாதியில் நின்றது. கடன் ஏறியது, ஆசையாகக் கட்டிய வீடு கைவிட்டுப் போனது. கல்யாண வாழ்க்கையும் நிலைக்கவில்லை. குடி கூடிக்கொண்டே போனது. இதற்கிடையில் 1964-இல் 'காதலிக்க நேரமில்லை', 'சர்வர் சுந்தரம்' என்று நாகேஷ் உச்சத்துக்குப் போய்விட்டார். 1966-இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தைத் தானே இயக்கிப் பார்த்தார். அதுவும் அவரைத் தூக்கிவிடவில்லை.

1974 மார்ச் 8-ஆம் தேதி சென்னையில் இறந்தார். வயது 46. நெருங்கிய நண்பரான எம்.எஸ்.விஸ்வநாதன் வீட்டில் உடலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு அடக்கம் செய்தார்கள்.

யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

சிறந்த பாடகர்கள் பட்டியல் போடும்போது டி.எம்.எஸ், சீர்காழி, பி.பி.ஸ்ரீநிவாஸ் என்று போகும். சந்திரபாபு பெயர் காமெடி பட்டியலில்தான் வரும். முகில் எழுதிய வாழ்க்கை வரலாறு மாதிரி சில முயற்சிகள் உண்டு, அவ்வளவுதான்.

இங்கே நெகிரி செம்பிலானில் அவரைக் கேட்ட இடங்களே இன்று இல்லை. பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். சில இடங்களில் தோட்டமே தாமான் ஆகிவிட்டது. லயத்துச் சனம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் தாத்தாவின் கேசட் ஒன்று மிச்சம். மேலே பேனாவில் சந்திரபாபு என்று மட்டும் எழுதியிருக்கும், படத்தின் பெயர் ஒன்றுகூட இல்லை. அதைப் போட்டுக் கேட்க வீட்டில் இப்போது மெஷின் கிடையாது.

அந்தக் கல்யாணத்தில் தாத்தா பாடிய பாட்டுக்கு கராவோக்கே டிராக் கிடைக்கவில்லை. கீபோர்டு வாசிக்கும் பையனுக்கும் பாட்டு தெரியாது. முதல் சரணம் முழுக்க அவர் தனியாகத்தான் பாடினார். இரண்டாவது சரணத்தில் பையன் சுருதியைப் பிடித்துவிட்டான்.