எமக்காகப் பேசிய நியாயதுரந்தரர் – தந்தை செல்வா

தந்தை செல்வா என்று தமிழ் மக்கள் அன்போடு அழைத்த சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் அவர்களுக்கும் எமது பாடசாலைக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. அவர் கேகாலை மாவட்டத்தில் தேர்தலில் நின்றவருமல்லர். ஆயினும் அரநாயக்க, மாவனல்லை, ருவான்வெல்ல, எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தகரப் பெட்டியோடு விடுதிக்கு வந்து படித்த எங்களைப் போன்றவர்களின் குடும்பக் கதையை எழுதப் போனால், அவருடைய பெயரைத் தாண்டிப் போக முடியாது. அதனால்தான் சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அவரைப் பற்றி எழுத முன்வந்தோம். அவருடைய அரசியலைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நாங்கள் சொல்ல விரும்புவது அரசியலுக்கு வருமுன் இருந்த கிறிஸ்தவ இளம் வழக்கறிஞரையும், அந்த வழக்கறிஞர் 1948இல் எடுத்த ஒரு முடிவையும்தான்.

1898 மார்ச் 31ஆம் திகதி மலாயாவின் ஈப்போ நகரில் அவர் பிறந்தார். அந்நாளில் யாழ்ப்பாணத்தார் பலர் உத்தியோகம் தேடி மலாயாவுக்குப் போனார்கள். அவருடைய தகப்பனாரும் அப்படிப் போனவரே. பிள்ளைக்கு நான்கு வயதளவில் தாயார் ஹரியட் அன்னம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊரான தெல்லிப்பழைக்குத் திரும்பினார். தகப்பனார் மலாயாவிலேயே தங்கிவிட்டார். ஆகவே செல்வநாயகம் தாய் வளர்த்த பிள்ளை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷன் 1816இலேயே கால் வைத்தது. டானியல் பூவர் ஐயர் அங்கே தொடங்கிய பாடசாலைதான் வளர்ந்து யூனியன் கல்லூரியானது. அயலூரான உடுவிலில் 1824இல் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியதும் அதே மிஷன்தான். வேதாகமமும் கணக்கும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் படிப்பிக்கப்பட்ட அந்தச் சூழலில் சிறுவன் வளர்ந்தான். யூனியன் கல்லூரியிலும், பின்பு யாழ்ப்பாணம் சென் ஜோன்ஸ் கல்லூரியிலும் படித்துவிட்டு, கொழும்பு முகத்துவாரத்தில் அப்போது இருந்த சென் தோமஸ் கல்லூரிக்கு வந்தார். பிற்காலத்தில் பிரதம மந்திரியாகி, அவரோடு ஒப்பந்தம் செய்து, அதைத் தாமே கிழித்தெறிந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவும் அக்காலத்தில் அதே கல்லூரி மாணவர்தான்.

இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராகப் படித்து, இருபது வயதளவில் விஞ்ஞானப் பட்டதாரியானார். பிறகு ஆசிரியத் தொழில். படித்த கல்லூரியிலேயே படிப்பிக்கவும் தொடங்கினார். அப்போது தம்பி எட்வேர்ட் இராஜசுந்தரம் கடும் நோயாய்க் கிடந்தார். பார்த்துவர லீவு கேட்டார், கிடைக்கவில்லை. வேலையையே விட்டுவிட்டார். கையிலே வேறு வேலை இல்லாத ஓர் இளைஞர், வீட்டுக்கு மூத்த ஆண்பிள்ளை, சம்பளத்தை எதிர்பார்த்து ஊரிலே தாய் இருக்கும்போது செய்த காரியம் இது. சத்தம் போடாமல், யாரையும் திட்டாமல், ஒரு கடிதத்தோடு விலகிப் போகும் இந்தக் குணத்தைப் பின்னாலும் காண்கிறோம். அதன்பின் வெஸ்லி கல்லூரியில் விஞ்ஞானப் பகுதிக்குத் தலைமை ஆசிரியரானார். அங்கே படிப்பித்துக்கொண்டே சட்டமும் படித்தார். பகலில் வகுப்பு, மாலையில் சட்டப் புத்தகம். எங்களில் ஆசிரியத் தொழில் பார்த்துக்கொண்டே வெளிவாரிப் பட்டம் எடுத்தவர்களுக்கு அந்தக் களைப்பு தெரியும்.

1920களின் முற்பாதியில் அவர் நியாயதுரந்தரர் ஆனார். கொழும்புப் புதுக்கடை நீதிமன்றங்களில் பெயர் எடுப்பதென்றால் அந்நாளில் கொலை வழக்குத்தான் குறுக்குவழி. ஜூரிமார் முன் முழங்கினால் மறுநாள் பத்திரிகையில் பெயர் வரும். செல்வநாயகம் அந்தப் பக்கம் போகவில்லை. குரலும் அதற்கு ஏற்றதல்ல. தணிந்த, மெல்லிய குரல். அவர் எடுத்துக்கொண்டது சிவில் வழக்கு. காணி உறுதி, பங்கு பிரிப்பு, மரணசாதனம், தருமசாதனம் என்று தூசி பிடித்த கடதாசிகளோடு மல்லுக்கட்டும் வேலை. ஒரு காற்புள்ளி எங்கே நிற்கிறது, அப்பன் பெயருக்கும் பேரன் பெயருக்கும் இடையில் எந்த உறுதி தவறியிருக்கிறது என்று இரவிரவாகப் பார்த்துவிட்டு, காலையில் நீதிபதி முன் நிதானமாக ஒவ்வொன்றாய் எடுத்து வைக்கும் வேலை. கேட்போருக்கு அலுப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தப் பழக்கம்தான் பிற்காலத்தில் ஒரு சட்டத்தின் பிரிவுகளுக்குள் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடிக்க அவருக்கு உதவியது என்பது எங்கள் எண்ணம்.

1927இல் தெல்லிப்பழை மணியகாரர் குடும்பத்துப் பெண்ணான எமிலி கிரேஸ் பார் குமாரகுலசிங்கத்தை மணம் செய்தார். ஒரு மகளும் நான்கு ஆண்மக்களும் பிறந்தனர். ஏறக்குறைய ஐம்பது வயதுவரை அவர் அரசியல் மேடையில் முன்னுக்கு நின்றவரல்லர். 1947இல் கிங்ஸ் கவுன்சில் என்ற உயர் பட்டமும் கிடைத்தது. அத்தோடு திருப்திப்பட்டிருந்தால், நல்ல வருமானமுள்ள வழக்கறிஞராய், ஞாயிறு தோறும் தேவாலயம் போகும் மரியாதையான கனவானாய் வாழ்க்கையை முடித்திருக்கலாம்.

அவருடைய விசுவாசத்தைப் பற்றி ஒரு சொல். அவர் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர். கடைசிவரை அப்படியே இருந்தார். அவருக்கு வாக்களித்த காங்கேசன்துறைத் தொகுதியோ பெரும்பாலும் சைவ மக்களைக் கொண்டது. வாக்குக்காகக் கோயில் வாசலில் விபூதி பூசிக்கொள்வதும், மேடையில் தன் மதத்தை மறைப்பதும் அரசியல்வாதிகளுக்குப் புதிதல்ல. அவர் அதைச் செய்யவில்லை. தன் மதத்தை மேடைக்குக் கொண்டுவந்து பிரசங்கமும் செய்யவில்லை. பழக்கவழக்கத்தில் தமிழர், வழிபாட்டில் கிறிஸ்தவர். இரண்டுக்கும் இடையில் அவருக்குச் சண்டை இருந்ததாய்த் தெரியவில்லை.

இனி 1948க்கு வருவோம். முந்திய ஆண்டில் ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறையில் வென்று அவர் பாராளுமன்றம் போயிருந்தார். அதே தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு உறுப்பினர்கள் வந்திருந்தார்கள். எங்கள் பாட்டன்மார், பாட்டிமார் வாக்குப் போட்டு அனுப்பிய ஏழு பேர். சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்கவேண்டும், இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும் என்றது அந்தச் சட்டம். லயத்தில் பிறந்த ஒரு பாட்டனுக்குப் பிறப்புப் பதிவை எங்கே தேடுவது? செக்றோலில் பெயர் இருக்கும், பிறந்த இடம் இராது.

காணி உறுதி பார்த்துப் பழகிய கண் இங்கே எதைக் கண்டிருக்கும் என்று நாங்கள் யோசித்ததுண்டு. வெளிநாட்டில் பிறந்தவருக்கும் அதே சட்டம் வழி வைத்திருந்தது: தகப்பனும் பாட்டனும் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பிரஜை. ஆகவே ஈப்போவில் பிறந்த செல்வநாயகத்துக்குப் பிரஜாவுரிமை. அரநாயக்க மலையில் லயத்து அறையில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே புதைக்கப்பட்ட பெண்ணுக்கு இல்லை. இன்னொன்றையும் பழைய மாணவிகள் கவனிக்கவேண்டும். சட்டத்துக்கு உட்பட்ட மணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன், பாட்டன், பூட்டன் என்றே எண்ணினார்கள். தாய் எங்கே பிறந்தாள் என்று கேட்கவே இல்லை. தாய் வளர்த்த பிள்ளையொருவர் அந்தச் சட்டத்தை எதிர்க்க எழுந்தது எங்களுக்குப் பொருத்தமாகவே படுகிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் பொன்னம்பலம் அமைச்சரானார். டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமை மசோதா வந்தபோது அவர் அரசோடு சேர்ந்து ஆதரவாய் வாக்களித்தார். செல்வநாயகம் எதிர்த்து வாக்களித்தார். தலைவரோடு பிரிந்தார். இன்று தோட்டத்து மக்களுக்கு நடப்பது நாளை மொழிச் சட்டம் வரும்போது மற்றத் தமிழருக்கும் நடக்கும் என்பது அவருடைய வாதம். ஓராண்டுக்குப் பின், 1949 டிசம்பர் 18ஆம் திகதி, தமிழரசுக் கட்சி பிறந்தது. காங்கேசன்துறையில் அவருக்கு வாக்களித்தவர்களில் தோட்டத் தொழிலாளர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? விரல்விட்டு எண்ணலாம். அக்காலத்து யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் மலையகச் சிறுமிகள் அடுப்படியில் வேலைக்கு நின்றார்கள் என்பதை மறைத்து எழுதுவது சரியல்ல. அப்படிப்பட்ட சமூகத்தின் நடுவிலிருந்து ஒருவர் இந்த மக்களுக்காக மந்திரிப் பதவியின் நிழலை விட்டு வெளியே வந்தார்.

1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜைகளுக்கே வாக்கு என்றார்கள். இங்கேதான் எங்கள் மாவட்டம் கதைக்குள் வருகிறது. ருவான்வெல்லத் தொகுதித் தேருநர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கோடகன் பிள்ளை என்பவர் விண்ணப்பித்தார், பதிவதிகாரி மறுத்தார். இடாப்பைத் திருத்தும் அலுவலரான சிவஞானசுந்தரம் கோடகன் பிள்ளையின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். எந்தவொரு சமூகத்துக்கும் மற்றச் சமூகங்களுக்கு இல்லாத பாதகத்தைப் பாராளுமன்றம் செய்யலாகாது என்ற சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவே அதற்கு அடிப்படை. 1951இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. வழக்கு இலண்டன் கோமறைக் கழகம்வரை போனது. ஒரு நாடு தன் பிரஜைகள் யாரென்று தீர்மானிப்பது இயல்பான உரிமை என்று 1953இல் அங்கும் கைவிரித்தார்கள். அந்த எதிர்ப்போடு செல்வநாயகத்தின் பெயரும் சேர்த்தே இன்றுவரை பேசப்படுகிறது. அவர் ஒருவர் மட்டுமே குரல் கொடுத்தார் என்று எழுதினால் அது நியாயமாகாது. தொண்டமானும் மலையக உறுப்பினர்களும் தங்கள் மக்களுக்காகப் போராடினார்கள். அப்போதைய ருவான்வெல்ல உறுப்பினர் என்.எம். பெரேரா உட்பட இடதுசாரிகளும் 1948இல் எதிர்த்தார்கள்.

1952 தேர்தல் வந்தது. மலையகத்திலிருந்து முன்பு வந்த ஏழு பேரின் இடத்தில் ஒருவரும் வரவில்லை. வாக்குப் போட ஆளில்லை. செல்வநாயகமும் காங்கேசன்துறையில் தோற்றார். அவருடைய கிறிஸ்தவ மதத்தையும் அந்தத் தேர்தலில் பேசினார்கள். அவர் புதுக்கடைக்குத் திரும்பி வழக்குகளைப் பார்த்தார். 1956இல் மீண்டும் வென்றார். அவ்வாண்டு திருகோணமலையில் கூடிய தமிழரசு மாநாடு வைத்த கோரிக்கைகளில் மலையக மக்களின் பிரஜாவுரிமையும் ஒன்று. 1957 ஜூலை ஒப்பந்தம், அடுத்த ஆண்டு அது கிழிக்கப்பட்டது, 1961 சத்தியாக்கிரகம், தடுப்புக்காவல் ஆகியவற்றை நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

எங்கள் பக்கத்தில் நடந்தது பாடப் புத்தகத்தில் குறைவு. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். மணமானவர் ஏழு ஆண்டு, மணமாகாதவர் பத்து ஆண்டு தொடர்ந்து வசித்ததாய்க் காட்டவேண்டும். ஏறக்குறைய 8 இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஒன்றரை இலட்சம் பேருக்கும் குறைவு. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கு போட்டது. எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் அப்படித்தான் தலைமன்னார் இரயில் ஏறினார்கள். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்தில் இன்று இருக்கும் பழைய மாணவிகளே, இந்த மலர் உங்கள் கைக்கும் வரவேண்டுமென்றே இதை எழுதுகிறோம்.

கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் அவரை வாட்டியது. கையும் குரலும் நடுங்கின. காதும் சரியாய்க் கேட்கவில்லை. ஏற்கனவே மெல்லிய குரல், இப்போது மேடையில் அருகில் நின்று கேட்டு மற்றவர்கள் உரத்துச் சொல்லும் நிலை. 1972இல் பதவி துறந்து, 1975 பெப்ரவரி இடைத்தேர்தலில் பெரும்பான்மையோடு மீண்டும் வந்தார். 1977 ஏப்ரல் 26ஆம் திகதி காலமானார்.

எஞ்சியிருந்த மலையக மக்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல் நிறைவேறியபோது அவர் மறைந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே 2003இல் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு இன்னொரு திருத்தமும் வந்தது. தாய் இலங்கைப் பிரஜையாய் இருந்தாலும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை உண்டு என்று அன்றுதான் எழுதினார்கள்.