எட்டுத் தந்தி மின் கிதாரை உருவாக்கிய வான் ஷிப்லி: இசைத்தட்டுகளில் எஞ்சி நிற்கும் வாழ்க்கை

மும்பை: இந்தித் திரைப்பாடல்களை மின் கிதாரில் வாசித்து, இசைத்தட்டுகள் வழியே நாடெங்கும் உள்ள வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தவர் வான் ஷிப்லி. ‘தங்க கிதார் மனிதர்’ என்று அழைக்கப்பட்ட இவர், வழக்கமான 6 தந்திகளுக்கு மாறாக 8 தந்திகள் கொண்ட மின் கிதாரைத் தமக்கெனத் தாமே வடிவமைத்துக்கொண்டவர்.

லக்னோவிலிருந்து பம்பாய்க்கு

1927-ஆம் ஆண்டு லக்னோவில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஷிப்லி, இந்துஸ்தானி இசையை முறையாகப் பயின்றார். வயலினிலும் தேர்ச்சி பெற்றிருந்தார். லக்னோ வானொலி நிலையத்தில் வாசித்த பின்னர், திரையிசைத் துறையை நாடிப் பம்பாய் வந்தார்.

நடிகர் ராஜ் கபூர் 1948-ஆம் ஆண்டு தொடங்கிய ஆர்.கே. பிலிம்ஸ் நிறுவனத்தின் படப்பிடிப்புத் தளம் செம்பூரில் அமைந்தது. அவரது இல்லமும் அருகிலேயே, தேவ்நார் பண்ணைச் சாலையில் இருந்தது. அந்நிறுவனத்தின் படங்களால் புகழ்பெற்ற ஷங்கர்-ஜெய்கிஷன் இணையின் இசைக்குழுவில் ஷிப்லியும் இடம்பெற்றார்.

மடியில் பிறந்த மின் கிதார்

வணிக அளவில் முதலில் வெற்றி கண்ட மின் கிதார், தோளில் மாட்டி வாசிக்கும் வகையைச் சேர்ந்ததன்று. அமெரிக்காவின் ரிக்கன்பேக்கர் நிறுவனம் 1932-ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த அக்கருவி, மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் கிதார் ஆகும். தந்திகளுக்கு அடியிலுள்ள காந்தமும் கம்பிச்சுருளும் அதிர்வை மின்னலையாக மாற்ற, ஒலிபெருக்கி அதனைப் பேரொலியாக்குகிறது.

இடக்கையில் பிடித்த உருக்குத் துண்டைத் தந்திகளின் மேல் நகர்த்தும்போது, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இடைவெளியின்றி வழுக்கிச் செல்ல இயலும். மெட்டுக்கட்டைகளில் நிற்கும் கிதாரில் எளிதில் கிட்டாத இந்த இழைவு, வாய்ப்பாட்டின் குழைவுக்கு நெருக்கமானது. பாடகரின் குரல் இல்லாமலேயே பாடலை அடையாளம் காணச் செய்த ஷிப்லியின் வாசிப்புக்கு இதுவே அடிப்படை. எச்.எம்.வி. நிறுவனம் அவரது வாசிப்பை இசைத்தட்டுகளாக வெளியிட்டது.

பெயர் காத்த இசைத்தட்டு

அக்காலத் திரைப்படங்களின் பெயர்ப் பட்டியலில் இசையமைப்பாளரும் பாடகர்களும் இடம்பெற்றனர். இசைக்குழுவில் வாசித்தவர்கள் பெரும்பாலும் இடம்பெறவில்லை. தமது பெயரும் படமும் தாங்கிய தனி இசைத்தட்டுகளே ஷிப்லியை அந்த மறதியிலிருந்து காத்தன. அவர் 2008-ஆம் ஆண்டு மறைந்தார். அவரது வாசிப்பு இடம்பெற்ற தொகுப்பை அமெரிக்காவின் சப்லைம் ஃபிரீக்வென்சீஸ் நிறுவனம் வெளியிட்டதைத் தொடர்ந்து, புதிய தலைமுறையினரும் அதனைக் கேட்டனர்.

பழைய மின் கிதார்களைச் சேகரிப்போர், ஆலையின் வரிசை எண்ணையும் விலைப்பட்டியலையும் கொண்டு ஒரு கருவியின் வயதை உறுதிசெய்கின்றனர். கலைஞர் தமக்கென உருவாக்கிய கருவிக்கு அத்தகைய ஆவணம் கிடையாது. அதன் ஒலியே அதற்குச் சான்று.

2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆர்.கே. படப்பிடிப்புத் தளத்தில் ஏற்பட்ட தீ விபத்தில், பழம்பெரும் படங்களின் உடைகளும் நினைவுப் பொருட்களும் அழிந்தன. 2019-ஆம் ஆண்டு அந்நிலமும், 2023-ஆம் ஆண்டு தேவ்நார் பண்ணைச் சாலை இல்லமும் கட்டுமான நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. அந்தக் காலத்தின் கட்டடங்கள் கைமாறிவிட்ட நிலையில், ஷிப்லியின் எட்டுத் தந்திகள் எழுப்பிய ஒலி பழைய இசைத்தட்டுகளில் இன்றும் கேட்கக் கிடைக்கிறது.