காட்ஸில்லாவை நடக்க வெச்சவர்

காட்ஸில்லாவைத் தெரியாதவங்க நம்ம ஹாஸ்டல்ல யாரும் இருக்க மாட்டாங்க. ஆனா அதை முதன்முதலா திரையில் நடக்க வெச்ச மனுஷனை உங்களுக்குத் தெரியுமா? பேர் எய்ஜி சுபுராயா.

1901-ல் ஜப்பானின் சுகாகவா ஊரில் பிறந்தார். சின்ன வயசிலிருந்தே விமானப் பைத்தியம். விமானி ஆகணும்னு ஹனேடாவில் இருந்த பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1917-ல் அந்தப் பள்ளியைத் தொடங்கியவரே விமான விபத்தில் இறந்துபோனார். பள்ளி மூடப்பட்டது, கனவும் போச்சு. பிறகு சினிமா கேமராமேன் ஆனார்.

1933-ல் ஹாலிவுட்டின் 'கிங் காங்' வந்தது. அதன் பிரதி ஒன்றைத் தேடிப் பிடிச்சு, ஒவ்வொரு ஃபிரேமா பார்த்து, எப்படி எடுத்தாங்கன்னு தானே கண்டுபிடிச்சார். நம்ம பாஷையில் ரிவர்ஸ் இன்ஜினியரிங்!

1942-ல் ஒரு போர்ப் படத்துக்காக பேர்ல் ஹார்பர் தாக்குதலை மினியேச்சர்களை வெச்சே எடுத்தார். திறமைக்குப் பேர் கிடைச்சது. ஆனா அது பிரசாரப் படம். போர் தோற்ற பிறகு அதற்கான விலையையும் கொடுத்தார். 1948-ல் தோஹோ ஸ்டுடியோவை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சில வருஷம் கழிச்சுதான் திரும்ப முடிஞ்சது.

அப்புறம்தான் 1954, காட்ஸில்லா. 'கிங் காங்' மாதிரி பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி எடுக்கத்தான் அவருக்கு ஆசை. கணக்குப் போட்டால் ஏழு வருஷம் ஆகுமாம். கையில் இருந்ததோ சில மாதங்கள். அதனால் ஆளுக்கு உடை மாட்டினார். இந்த வழி ஜப்பானுக்குப் புதுசில்லை. 1938-ல் வந்த 'எடோவில் தோன்றிய கிங் காங்' படத்திலும் குரங்கு உடைக்குள் ஆள்தான் இருந்தார். அந்தப் படம் தொலைந்துபோச்சு, சில ஸ்டில்கள்தான் மிச்சம்.

சுபுராயாவின் உடை சுமார் 100 கிலோ. உள்ளே ஹருவோ நகஜிமா, வியர்வையில் குளிச்சபடி.

இப்போ நம்ம ஃபிசிக்ஸ். 50 மீட்டர் மிருகம், 2 மீட்டர் உடை. ஸ்கேல் 1/25. மாடல் கட்டடத்திலிருந்து விழும் கல், நிஜத்தைவிட 5 மடங்கு சீக்கிரம் தரையைத் தொட்டுடும். பார்த்தா பொம்மைன்னு தெரிஞ்சுடும். அதனால் கேமராவை வேகமா ஓட்டிப் படம் பிடிச்சு, சாதாரண வேகத்தில் காட்டினார். இடிபாடுகள் மெதுவா விழுந்தன, மிருகத்துக்கு எடை வந்தது.

1966-ல் அவர் கம்பெனி 'அல்ட்ராமேன்' கொடுத்தது. 1970 ஜனவரியில் இறந்தார்.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு டைம் பத்தலைன்னு புலம்புறீங்களா? ஏழு வருஷம் கிடைச்சிருந்தா, நாம பார்த்த காட்ஸில்லாவே வந்திருக்காது.