சன்னதை இழந்த வக்கீல் வ.உ.சி.

வ.உ.சிதம்பரம் பிள்ளை என்றதும் நம் நினைவுக்கு வருவது கப்பலும் செக்கும்தான். 1961இல் சிவாஜி கணேசன் நடித்து வெளிவந்த கப்பலோட்டிய தமிழன் படத்தை நம் தாத்தா பாட்டி காலத்தவர் இன்றும் கண்கலங்கப் பேசுவார்கள். ஆனால், வ.உ.சி.யின் தொழில் கப்பல் ஓட்டுவதன்று. அவர் ஒரு வக்கீல். அவருடைய கப்பல் கம்பெனி இருந்தது ஐந்தே ஆண்டுகள். வக்கீல் தொழில் செய்ய உரிமம் இல்லாமல் அவர் வாழ்ந்த காலமோ அதைவிட நீண்டது. அந்தக் கதையை அதிகம் பேர் சொல்வதில்லை. மாணவர்களாகிய நாம் அறிய வேண்டிய கதை அது.

வ.உ.சி. 1872 செப்டம்பர் 5ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீலே. தாலுகா அலுவலகத்தில் சிலகாலம் எழுத்தர் வேலை பார்த்த மகனை, தந்தை திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பிச் சட்டம் படிக்க வைத்தார். 1894இல் பிளீடர் தேர்வில் வென்று, மறு ஆண்டே ஒட்டப்பிடாரத்தில் தொழிலைத் தொடங்கினார். குற்ற வழக்குகளில் ஏழைகளுக்காக வாதாடியதால் ஊரில் நல்ல பெயர். போலீசாரிடம் அதே அளவு கெட்ட பெயர். 1900இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

அந்தக் காலத்தில் வக்கீலாக வாதாடச் சன்னது என்ற அனுமதிப் பத்திரம் வேண்டும். எவ்வளவு சட்டம் தெரிந்தாலும், சன்னது இல்லாதவர் பிறருக்காக நீதிமன்றத்தில் நிற்க முடியாது. நம் கெடா தோட்டங்களில் இருந்த டிரஸ்ஸரை நினைத்துப் பாருங்கள். பெரிய மருத்துவமனை தொலைவில் இருந்த நாளில், லயத்து மக்களுக்குக் காய்ச்சலோ காயமோ வந்தால் டிரஸ்ஸர்தான் டாக்டர். அவரும் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்று 1965இல் இந்நாட்டில் சட்டமே வந்தது. மருந்து தெரியாதவர் ஊசி போட்டால் ஆபத்து. சட்டம் தெரியாதவர் வாதாடினாலும் அப்படித்தான். ஆகவே உரிமம் என்ற ஏற்பாடு மக்களைக் காக்கத்தான் பிறந்தது.

1906இல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கின் விலை 25 ரூபாய். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. அவர் போட்டியிட்டது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியோடு. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நம் முன்னோரை ஏற்றி வந்ததும் அதே கம்பெனிதான். பின்னாளில் தோட்டத்துப் பெரியவர்கள் பெயர் சொல்லிப் பேசிய ரஜுலா கப்பலும் அவர்களுடையதே. வ.உ.சி. எவ்வளவு பெரிய நிறுவனத்தோடு மோதினார் என்பது இதிலிருந்து விளங்கும்.

1908 தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். தொழிலாளர்கள் வென்றார்கள். சில நாளிலேயே, மார்ச் 12ஆம் தேதி, தலைவர்கள் கைதானார்கள். ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். பிரிட்டிஷ் அரசுக்கு எதிராகப் பேசியதற்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு. மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் காலம் கழிந்தது. செக்கிழுத்த கதை நமக்குத் தெரியும்.

தண்டனையோடு சன்னதும் போனது. 1879ஆம் ஆண்டு வந்த வக்கீல்கள் சட்டத்தில் அதற்கு வழி இருந்தது. ஒரு பிளீடர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, அந்தக் குற்றம் அவருடைய குணக்கேட்டைக் காட்டினால், உயர்நீதிமன்றம் அவரைத் தொழிலிலிருந்து நீக்கலாம். கட்சிக்காரரின் பணத்தைத் தின்ற வக்கீலுக்கும் பொய்ச் சாட்சி தயாரித்த வக்கீலுக்கும் அது பொருந்தும். வ.உ.சி. யாரையும் ஏமாற்றவில்லை. வழக்கைக் கெடுக்கவும் இல்லை. மேடையில் பேசினார், தொழிலாளர் பக்கம் நின்றார். அதற்காக அவருடைய பிழைப்பு பறிபோனது.

அதே ஆண்டுகளில் கடலுக்கு இந்தப் பக்கம் நடந்ததையும் பாருங்கள். ரப்பர் விலை ஏறி, புதுத் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. 1909இல் கெடா சயாம் நாட்டிடமிருந்து பிரிட்டிஷார் பொறுப்புக்கு மாறியது. அப்போது வ.உ.சி. சிறையில் இருந்தார். பால்மரம் சீவ ஆள் வேண்டும். தோட்ட நிர்வாகம் தன் கங்காணியைச் சொந்த ஊருக்கே அனுப்பி ஆள் திரட்டும். அந்தக் கங்காணியின் கையிலும் அரசு கொடுத்த லைசென்ஸ் இருந்தது. ஏழைகளுக்காக வாதாடியவருக்கு உரிமம் இல்லை. ஏழைகளைக் கப்பல் ஏற்றியவருக்கு உரிமம் இருந்தது. உரிமம் என்ற காகிதம் எப்போதும் நியாயத்தின் பக்கமே இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். கப்பல் கம்பெனி முந்திய ஆண்டே கலைக்கப்பட்டிருந்தது. சொந்த மாவட்டத்தில் குடியிருக்கவும் வழியில்லை. மனைவி மீனாட்சியோடும் பிள்ளைகளோடும் சென்னைக்குப் போனார். கைவசம் இருந்த ஒரே தொழில் சட்டம். அதைச் செய்ய அனுமதி இல்லை. மளிகைக் கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார். எதுவும் நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. அதைப் பெற அவர் காந்திக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்த வறுமையிலும் அவர் எழுத்தை விடவில்லை. ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். பிறகு கோயம்புத்தூரில் சிலகாலம் வங்கி வேலை பார்த்தார்.

1920களில் ஒரு கதவு திறந்தது. வ.உ.சி.யை முன்பே அறிந்திருந்த ஆங்கிலேய நீதிபதி இ.எச்.வாலஸ், அவருக்குச் சன்னது திரும்பக் கிடைக்க உதவினார். அந்த நன்றியை மறக்காத வ.உ.சி., தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர், ஓர் ஆங்கிலேயரின் பெயரைத் தம் பிள்ளைக்குச் சூட்டினார். ஆட்சியின் மீது கோபம் இருந்தது, நல்ல மனிதர் மீது நன்றியும் இருந்தது. இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை.

மீண்டும் கறுப்பு அங்கி அணிந்து கோவில்பட்டியில் வாதாடினார். 1932இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். ஆனால், ஒரு வக்கீலின் சிறந்த ஆண்டுகள் எப்போதோ போய்விட்டன. சிறைக்குப் போனபோது வயது 35. திரும்ப நீதிமன்றம் ஏறியபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். பழைய வருமானம் திரும்பவே இல்லை. 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் காலமானார்.

இந்த வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் பீடோங்கிலும் எஸ்.பி.எம். முடித்து வழக்கறிஞராகவோ டாக்டராகவோ தாதியாகவோ ஆக நினைக்கும் நம் எல்லாருக்கும் பட்டம் மட்டும் போதாது. இன்று மலேசியாவில் வழக்கறிஞராக வேண்டுமானால் சட்டப் படிப்புக்குப் பிறகு 9 மாதம் மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெற வேண்டும். உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்து சேர வேண்டும். நன்னடத்தை உள்ளவராகவும் இருக்க வேண்டும். அதன் பிறகும் ஒவ்வோர் ஆண்டும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். இவை 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டத்தில் உள்ளவை. தவறு செய்பவரை விசாரிக்க ஒழுங்கு வாரியம் உண்டு. அதன் முடிவை எதிர்த்து உயர்நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையும் உண்டு.

இவற்றைத் தொல்லை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதிகள் இல்லாவிட்டால் போலி டாக்டரிடமும் போலி வழக்கறிஞரிடமும் முதலில் ஏமாறுவது தோட்டத்துக் குடும்பங்கள்தான். ஆனால் எதற்காக உரிமத்தை எடுக்கலாம், யார் எடுக்கலாம், திரும்பப் பெற வழி என்ன என்ற மூன்றும் சட்டத்தில் தெளிவாக இருக்க வேண்டும். தொழிலில் செய்த தவறுக்குத்தான் தொழில் பறிபோகலாம், கொண்ட கருத்துக்காகப் பறிபோகக்கூடாது. ஒரு நல்ல நீதிபதி வந்து சேரும்வரை காத்திருக்கும் நிலை எந்தத் தொழிலருக்கும் வரக்கூடாது.

நாளை நம்மில் பலர் ஏதாவது ஒரு வாரியத்தின் முன் உரிமம் கேட்டு நிற்போம். சிலர் அந்த வாரியத்திலேயே உட்கார்ந்து முடிவு செய்யும் இடத்துக்கும் வருவோம். அப்போது ஒரு கையெழுத்து ஒரு குடும்பத்தின் சோறு என்பதை மறக்காமல் இருந்தால், வ.உ.சி.யின் வாழ்க்கையை நாம் படித்ததில் பயன் உண்டு.