கடுகின் பூர்வீகம் கண்டவர்

பேராதனைப் பூங்காவுக்கு எதிரே, மகாவலியின் மறுகரையில் அமைந்துள்ளது கன்னொறுவை. ஜப்பானிய உதவியுடன் 1980களின் பிற்பகுதியில் அங்கு நிறுவப்பட்ட தாவர மரபுவள நிலையத்தில், சேனைகளில் காலங்காலமாக விளைந்த கடுகின் வித்துகளும் பேணப்படுகின்றன. நாம் தாளிதத்துக்கும் அச்சாறுக்கும் சேர்க்கும் இக்கடுகு, இரு வேறு இனங்கள் கலந்து பிறந்த பயிராகும். இந்த உறவுமுறையை 1935ஆம் ஆண்டில் உலகின் முன் நிறுவியவர் வூ ஜாங் சூன். அவரும் இரு நாடுகளின் பிள்ளையே.

தோக்கியோவில் 1898இல் பிறந்த வூவின் தாய் ஜப்பானியர். தந்தையோ, 1895இல் கொரிய அரசி மின் கொல்லப்பட்ட சதியில் பங்கேற்றுத் தப்பியோடிவந்த கொரியப் படை அதிகாரி. அத்தந்தையை 1903இல் கொரியர் ஒருவர் பழிதீர்த்தபோது மகனுக்கு வயது ஐந்து. வறுமையில் வாடிய தாய், மகனைச் சிலகாலம் அநாதை இல்லத்தில் விடவேண்டியதாயிற்று. ஜப்பானியருக்கு அவர் கொரியர். கொரியருக்கோ துரோகியின் மகன்.

விவசாயக் கல்வியை 1919இல் முடித்து அரச ஆய்வு நிலையமொன்றில் சேர்ந்த வூ, கடுகுக் குடும்பத்தை ஆராயத் தொடங்கினார். கருங்கடுகில் 8 சோடி நிறமூர்த்தங்கள், கோவாவில் 9, டர்னிப் இனத்தில் 10. நம் கடுகிலோ 18. எண்ணெய் வித்தான ரேப்பில் 19. இவை வெறும் கூட்டுத்தொகைகளா, குடும்பக் கணக்கா? மொரினாகா என்ற அறிஞர் கலப்புச் செடிகளில் நிறமூர்த்தங்கள் இணையும் விதத்தைப் பார்த்து முன்னரே வழிகாட்டியிருந்தார். வூ ஒருபடி மேலே சென்று, டர்னிப் இனத்தையும் கோவாவையும் கலந்து ரேப் பயிரையே தம் கையால் உருவாக்கிக் காட்டினார். மூன்று பெற்றோர் இனங்களை முனைகளிலும் மூன்று கலப்பினங்களை அவற்றுக்கிடையிலும் வைத்து அவர் வரைந்த முக்கோணம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ரேப்பின் மரபணுத்தொகுதி 2014இலும் கடுகினது 2016இலும் முழுமையாக வாசிக்கப்பட்டபோது, முக்கோணம் சொன்ன பெற்றோரே அங்கும் காணப்பட்டனர்.

இந்நாட்டில் 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிடம் தந்தைவழிப் பிறப்பிடத்துக்குச் சான்று கேட்டதை நாம் மறந்துவிடவில்லை. அதே காலத்தில், விடுதலை பெற்ற கொரியா நல்ல விதையின்றித் தவித்து, துரோகியின் மகனையே அழைத்தது. மனைவி மக்களை ஜப்பானில் விட்டு, 1950 மார்ச்சில் வூ அங்கு சென்றார். சில மாதங்களில் போர் மூண்டது. அதற்கிடையிலும் கோவாவுக்கும் முள்ளங்கிக்கும் உள்ளூரிலேயே நல்விதை கிடைக்கச் செய்தார். விதையில்லா வத்தகப்பழம் அவர் கண்டுபிடிப்பென்று கொரியாவில் நெடுங்காலம் நம்பப்பட்டது. அது கிஹாராவின் சாதனை. வூ கொரியாவில் அதை விளைவித்துக் காட்டியவர் மட்டுமே. அவருக்கு இரவல் புகழ் தேவையுமில்லை.

தாய் 1953இல் ஜப்பானில் மறைந்தபோது, இறுதிக்கிரியைக்குச் செல்ல வூவுக்குக் கொரிய அரசு அனுமதி வழங்கவில்லை. அனுதாபமாகச் சேர்ந்த பணத்தில் ஆய்வு நிலையத்தில் அவர் ஒரு கிணறு வெட்டுவித்தார். 1959 ஆகஸ்டில் அரசு நோய்ப்படுக்கையில் அவருக்குப் பதக்கம் அணிவித்தது. மூன்றாம் நாள் அவர் காலமானார். சுவோனில், கொரிய மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.