தமிழ் சினிமாவின் முதல் ஹீரோயின்... யார் இந்த டி.பி.ராஜலட்சுமி?

தமிழின் முதல் பேசும் பட நாயகி, தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர்... இந்த ரெண்டு பெருமையும் ஒருத்தருக்கே சொந்தம். அவர்தான் டி.பி.ராஜலட்சுமி.

சிறுவயது திருமணம்

1911-ல் திருவையாறில் பிறந்தவர். விவரம் தெரியாத வயசிலேயே கல்யாணம் நடந்தது, அது நிலைக்கவில்லை. அப்பாவும் இறந்துபோக, அம்மாவோடு திருச்சிக்கு வந்தார். சோத்துக்கே வழியில்லாத நிலை. கையில் இருந்தது நல்ல குரல் மட்டும்தான்.

கைகொடுத்த நாடகம்

குச்சனூர், சின்னமனூர் பக்கம் திருவிழான்னா விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் பார்த்திருப்பீங்க. அந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவோடு, சாமண்ணா கம்பெனியில் சேர்ந்தார் ராஜலட்சுமி. அப்போது வயசு சுமார் 11. பெண் வேடத்தையே ஆண்கள் போட்ட காலம் அது. மேடை ஏறும் பெண்ணை ஊரே கேவலமாகப் பேசும். ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை.

காளிதாஸ் தந்த புகழ்

'கோவலன்' போன்ற மௌனப் படங்களில் நடித்தவருக்கு 1931-ல் பெரிய வாய்ப்பு வந்தது. இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வை எடுத்த அர்தேஷிர் இரானி, எச்.எம்.ரெட்டி இயக்கத்தில் 'காளிதாஸ்' படத்தைத் தயாரித்தார். இதில் ராஜலட்சுமி பேசியது தமிழ், ஹீரோ பேசியது தெலுங்கு! கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் காந்தியின் ராட்டையைப் புகழும் பாட்டும் இருந்தது. அக்டோபர் 31-ல் மதராஸ் கினிமா சென்ட்ரலில் படம் வெளியானது. திரையில் தமிழ் பேசுவதைக் கேட்கவே கூட்டம் திரண்டது. 1933-ல் 'வள்ளி திருமணம்' படமும் ஹிட். 'சினிமா ராணி' என்ற பட்டமும் வந்தது.

கேமராவுக்குப் பின்னால்

புகழோடு அவர் நிற்கவில்லை. தானே எழுதிய நாவலை 1936-ல் 'மிஸ் கமலா' என்ற படமாகத் தயாரித்து, இயக்கி, நடித்தார். இந்திய அளவில் 1926-லேயே பாத்மா பேகம் படம் இயக்கியிருந்தார். தெற்கில் அந்தக் கதவைத் திறந்தது ராஜலட்சுமிதான். பெண் சிசுக்கொலைக்கு ஆளாக இருந்த ஒரு குழந்தையைக் காப்பாற்றி, தன் மகளாகவும் வளர்த்தார்.

கடைசிக் காலம்

சொந்தப் படங்களால் சேர்த்த பணம் கரைந்தது, வாய்ப்புகளும் குறைந்தன. 1961-ல் தமிழக அரசின் கலைமாமணி விருது கிடைத்தது. 1964-ல் காலமானார்.

'முதல் பேசும் படம் காளிதாஸ்' என்பது பலருக்கும் தெரியும். அதில் முதன்முதலாகத் தமிழ் பேசிய நாயகி இவர்தான் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கலாமே!